பல்லுக்கு ஏற்ற பற்பசை பல்செட்டுக்கும் ஏற்றதா?

67 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மேல்தாடைக்கு முழுப் பல்செட் வைத்துக்கொண்டார். கீழ்த்தாடையில் ஆறு முன்பற்கள் மட்டும் மிஞ்சியிருந்ததால், அவற்றைக் கம்பியால் பற்றிக்கொள்ளும் உலோகச் சட்டமிட்ட பகுதிப் பல்செட் அங்கே பொருத்தப்பட்டது. முதல் வருடம் நுரைக்கும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்துவந்தவர், வாயில் எரிச்சல் வந்ததும் 'ரசாயனம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று அதை நிறுத்திவிட்டு, வேம்பு, கிராம்பு, கரித்தூள் கலந்த இயற்கைப் பற்பசைக்கு மாறியிருக்கிறார். கறை போகவேண்டும் என்பதற்காகக் கெட்டியான பிரஷ்ஷால் காலையும் இரவும் அழுத்தித் தேய்க்கிறார். இப்போது பல்செட்டின் பளபளப்புப் போய்விட்டது, பற்களின் அடியில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் மாலைக்குள் வாடை வந்துவிடுகிறது. பற்பசையை நிறுத்தச் சொல்கிறார் மகள். பல்லுக்கு நல்லது பல்செட்டுக்கு எப்படிக் கெடுதலாகும் என்று கேட்கிறார் இவர். வீட்டிலேயே ஏதேனும் பொடி போட்டு மெருகேற்ற முடியுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், இரண்டு தகவல்களைச் சேர்த்திருக்கிறார்: மேலண்ணம் சிவந்திருக்கிறது, ஆனால் வலி இல்லை; இரவில் பல்செட்டைக் கழற்றும் வழக்கமும் இல்லை.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு பல் மருத்துவராக உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான். முழுப் பல்செட் மூடியிருக்கும் பகுதி மட்டும், அதே எல்லைக்குள், வலியில்லாமல் சிவந்திருப்பது பெரும்பாலும் பல்செட் அடியில் உண்டாகும் அழற்சியின் அடையாளம். பல்செட்டின் உட்புறத்தில் குடியேறும் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வலி இல்லாததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை; ஆண்டுப் பரிசோதனைக்கு வரும்போது நாங்கள்தான் கண்ணாடியில் காட்டுகிறோம். உதட்டோரங்களில் வெடிப்பும் புண்ணும் இருந்தால் அதுவும் இதே பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆனாலும் நீங்கள் கேட்ட பற்பசைக் கேள்விக்கும் இந்தச் சிவப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

எனாமலும் அக்ரிலிக்கும்

'பல்லுக்கு நல்லது பல்செட்டுக்கும் நல்லதுதானே' என்ற உங்கள் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் பல்லின் வெளிப்பூச்சான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். இன்றைய பல்செட்டின் ஈறு நிறத் தட்டும், பெரும்பாலும் அதில் பதித்த பற்களும், அக்ரிலிக் என்று நாம் சொல்லும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பொருள்களின் கடினத்தை அளக்கும் நூப் அளவுகோலில் எனாமல் 340ஐ ஒட்டி நிற்கிறது. தட்டின் அக்ரிலிக் 20ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. எனாமலைச் சீண்டாத நுண்பொடி இந்தப் பிளாஸ்டிக்கில் கோடு கிழித்துவிடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பற்பசையின் முக்கிய வேலையே தேய்த்து அகற்றுவது. அதற்காகக் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற நுண்பொடிகளைச் சேர்க்கிறார்கள். மூலிகைப் பெயரில் வரும் பற்பசைகளிலும் அடிப்பொருளாக இவையே இருக்கின்றன. பற்பசைகளின் தேய்ப்புத் திறனை ஆர்.டி.ஏ என்ற எண்ணால் அளக்கிறார்கள். சர்வதேசத் தரவிதி அதற்கு 250 என்ற மேல்வரம்பை வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண் டென்டின் என்னும் பல்லின் உள்அடுக்கில் தேய்த்துப் பெறப்படுவது, அக்ரிலிக்கில் அல்ல. ஆகவே பெட்டியின் மேல் 'மென்மையானது' என்று போட்டிருந்தாலும், அது உங்கள் பல்செட்டைப் பற்றிச் சொன்ன சொல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் ஒரு சிறு சோதனையைச் செய்துகாட்டுவேன், நீங்களும் செய்து பார்க்கலாம். தூக்கிப் போடவிருக்கும் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, அதன் ஒரு பாதியில் உங்கள் பற்பசையையும் உங்கள் பிரஷ்ஷையும் கொண்டு, நீங்கள் வழக்கமாக அழுத்தும் அதே அழுத்தத்தில் நூறு முறை தேயுங்கள். மறுபாதியில் புது மென்பிரஷ்ஷையும் திரவ சோப்பையும் வைத்து அதேபோல் நூறு முறை. கழுவித் துடைத்துவிட்டு விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், முதல் பாதியில் பனி படிந்ததுபோல் ஒரு மங்கல் தெரியும். அது அழுக்கு அல்ல. ஒரே திசையில் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள். நான்கு வருடப் பல்செட்டில் நீங்கள் பார்க்கும் மங்கலும் இப்படிப்பட்டதே.

கீறல் விழுந்தால் அழகு குறையும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் அதில் கிருமிகள் ஒட்டிக்கொள்வது அதிகமாகும் என்பது பல் மருத்துவத்தில் 1990களிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. ஒரு பாக்டீரியாவின் அகலமே ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான். கீறல்களுக்குள் ஒண்டிக்கொண்ட நுண்ணுயிர்ப் படலத்தைப் பிரஷ்ஷின் இழை எட்டாது, அது மாலைக்குள் வாடையைக் கிளப்பும், வாடை வந்ததும் நீங்கள் இன்னும் அழுத்தித் தேய்ப்பீர்கள், புதுக் கீறல்கள் விழும். 'எவ்வளவு தேய்த்தாலும்' என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சுழலுக்குள்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் பற்பசையில் உள்ள பொருள்கள்

வேம்பின் சாறு பூஞ்சையைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆய்வகத் தட்டில் செறிவான சாறு மணிக்கணக்கில் பட்டுக்கொண்டிருப்பது வேறு, பற்பசையில் கலந்த சிறு அளவு ஒரு நிமிடம் பட்டுக் குழாய்த் தண்ணீரோடு ஓடிவிடுவது வேறு. பல்செட்டுக்கு அதனால் தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை. கிராம்பில் உள்ள யூஜினால் அக்ரிலிக் போன்ற பிசின் வகைகளை இளகச் செய்யக்கூடியது. பற்பசை அளவில் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றாலும், வாடைக்கு மருந்தாகக் கிராம்புத் தைலத்தைப் பல்செட்டின் உட்புறத்தில் நேரே தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்பு நீரில் ஊறவைப்பதும் கூடாது, அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும்.

கரித்தூள்தான் எனக்கு உண்மையிலேயே பிடிக்காத பொருள். இயற்கைப் பற்களில் அதன் பயன் குறித்தும் பாதுகாப்புக் குறித்தும் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த மீளாய்வு சொன்னது. பல்செட்டில் அது இன்னொரு தொல்லையையும் தருகிறது: பற்களின் கழுத்தோரத்திலும் கம்பி அக்ரிலிக்குள் நுழையும் இடத்திலும் உள்ள மெல்லிய இடுக்குகளில் கரித்துகள் புகுந்து, கறுத்த கோடாகத் தங்கிவிடுகிறது. நீங்கள் சொல்லும் பழுப்புக் கோட்டில் பற்காரையோடு கரியும் கலந்திருக்கலாம். கறையைப் போக்க வாங்கியதே கறைக்குக் காரணமாகியிருக்கலாம்.

சமையல் சோடா இவற்றோடு சேராது. அது மென்மையான உப்பு, தண்ணீரில் கரைந்துவிடும், தேய்ப்புத் திறனும் மிகக் குறைவு. வாடைக்காக அதைக் கரைத்த தண்ணீரில் பல்செட்டைச் சிறிது நேரம் போட்டுவைப்பதில் தவறில்லை. கரையாத தூளை வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான் தேவையற்றது. பரல் உப்புக்கு என் பதில் நேரடியான 'வேண்டாம்'தான், கீறும் என்பதோடு உலோகத்தையும் அது அரிக்கும்.

இயற்கைப் பற்பசை குறித்து நீங்கள் யோசிக்காத ஒரு கோணமும் இருக்கிறது. இத்தகைய பற்பசைகளில் பலவற்றில் ஃபுளோரைடு சேர்ப்பதில்லை. பல்செட்டுக்கு ஃபுளோரைடு தேவையில்லை, அதற்குச் சொத்தை விழாது. ஆனால் உங்கள் கீழ்ப் பல்செட்டைத் தாங்கி நிற்கும் அந்த ஆறு பற்களுக்கு அது கட்டாயம் தேவை. கம்பி பற்றியிருக்கும் பல்லில் அழுக்குச் சேர்வதும் வேரோரத்தில் சொத்தை விழுவதும் மிகச் சாதாரணம். அவற்றில் ஒன்று போனாலும் கீழ்ப் பல்செட்டின் பிடிமானம் குலைந்துவிடும். எனவே அந்த ஆறு பற்களையும் ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசையால் தனியாகத் துலக்குங்கள். வாய்க்கு ஒரு பிரஷ், பல்செட்டுக்கு வேறொரு பிரஷ்.

மாத்திரையும் எரிச்சலும்

இயற்கையானது உடலோடு ஒத்துப்போகும், ரசாயனம் ஒத்துக்கொள்ளாது என்று பிரித்துப் பார்ப்பதை இந்த விஷயத்தில் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அக்ரிலிக்கின் கண்ணுக்குக் கரித்தூளும் சிலிக்காவும் ஒன்றுதான். கீறுகிறதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. அதற்காக உங்கள் எரிச்சலை நான் தள்ளிவிடவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஊறவைத்த பல்செட்டைச் சரியாகக் கழுவாமல் மாட்டியிருக்கலாம். மாத்திரைகளில் பொதுவாக இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகள் உங்களுக்கு ஒவ்வாமையைத் தந்திருக்கலாம். இது அரிதுதான், ஆனாலும் 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்காகவே எச்சரிக்கை வாசகங்களைத் திருத்தும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. மூன்றாவது, அப்போதே பூஞ்சை அழற்சி தொடங்கியிருந்து, அதன் எரிச்சலுக்கு மாத்திரை பழி சுமந்திருக்கலாம்.

மாத்திரை போட்ட நாட்களில் ஈறு வீக்கம், தோலில் தடிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எதுவும் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வந்திருந்தால் பெர்சல்ஃபேட் உள்ள எதையும் மறுபடி தொடவேண்டாம், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெறும் எரிச்சல் மட்டும்தான் என்றால், அண்ணத்தின் சிவப்பு ஆறிய பிறகு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவும் பழக்கத்தோடு மாத்திரையை மறுபடி முயன்று பார்ப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரோடு பேசலாம். மாத்திரை பல்செட்டுக்கு மட்டுமே உரியது. அது கரைந்த நீரால் கொப்பளிப்பதோ, பல்செட் வாயில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்துவதோ ஆபத்து.

இனி எப்படிச் சுத்தம் செய்வது

பாத்திரம் கழுவும் மென்மையான திரவ சோப்பில் ஓரிரு சொட்டு அல்லது சாதாரணக் கைகழுவும் திரவ சோப்பு, மென்மையான பிரஷ், தண்ணீர்: தினசரித் தேய்ப்புக்கு இவை போதும். வாசனை அதிகமில்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்கையானதுதான் வேண்டும் என்று மனம் கேட்டால், தாவர எண்ணெயில் செய்த மென்சோப்பும் அதே வேலையைச் செய்யும். அந்த ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி அல்லது ஒரு துவாலையை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தே தேயுங்கள், வழுக்கி விழுந்து உடையும் பல்செட்டுகள் ஏராளம். வெளிப்புறத்தைவிட அண்ணத்தோடு ஒட்டும் உட்புறத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். பொருத்தம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்தை நாங்கள் மெருகேற்றுவதே இல்லை. ஆகவே அது முதல் நாளிலிருந்தே சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், பூஞ்சைக்கும் அதுவே தோதான இடம்.

தேய்ப்பதோடு தினமும் ஊறவைக்கவும் வேண்டும் என்றுதான் 2011இல் வெளியான பல்செட் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. இங்கே உங்கள் இரண்டு பல்செட்டுகளையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. மேலே இருப்பது முழுக்க அக்ரிலிக். மருத்துவர் சொல்லும் செறிவில் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் (துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் பொருள்) கரைசலில் அதைப் போடலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது, நிறம் வெளுத்துவிடும். கீழே இருப்பதில் உலோகம் இருக்கிறது. ஹைப்போகுளோரைட் அதை அரித்துக் கறுக்கவைக்கும், எனவே அதற்கு அந்தக் கரைசலைக் காட்டவே வேண்டாம். உலோகத்துக்கும் உகந்தது என்று குறிப்பிட்டிருக்கும் சுத்திகரிப்பானை மட்டும் பயன்படுத்துங்கள். மேல் பல்செட்டில் படிந்த காரையை இளக்க, வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து மென்பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கலாம். வினிகரையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், அதிலிருந்து கிளம்புவது நச்சு வாயுவான குளோரின். கொதிநீரும் ஆகாது, அக்ரிலிக் வளைந்து பொருத்தம் போய்விடும்.

வீட்டில் மெருகேற்றும் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். மெருகு என்பது படிப்படியாக நுணுகிக்கொண்டே போகும் பொடிகளால், ஈரத்தோடு, சூடேறாமல், சுழலும் துணிச்சக்கரத்தில் செய்யும் வேலை. வீட்டில் எந்தப் பொடியை எடுத்தாலும் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள், அதாவது கீறலோடு. பல் மருத்துவரிடம் கொடுத்தால் ஆய்வகத்தில் வெளிப்புறத்தை மீண்டும் மெருகேற்றித் தருவார்கள், காரையையும் எடுத்துவிடுவார்கள். நான்கு ஆண்டுகளில் உங்கள் தாடை எலும்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்பதால், பிடிமானம் தளர்ந்திருந்தால் உட்புறத்துக்குப் புதுப் படிவம் எடுத்துச் சேர்ப்பதா, புதுப் பல்செட்டே செய்வதா என்பதையும் அப்போதே பேசி முடிவுசெய்யலாம். மெருகேற்றிக் கையில் வாங்கிய பின் பழைய பற்பசைக்குத் திரும்பினால் சில மாதங்களில் இதே கடிதத்தை மறுபடி எழுதவேண்டியிருக்கும்.

அண்ணத்தின் சிவப்பும் இரவும்

பூஞ்சை என்று உறுதியானால் வாய்க்கும் பல்செட்டுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்கவேண்டும்; ஒன்றை விட்டால் மற்றொன்றிலிருந்து திரும்பிவரும். கடையில் நீங்களாகவே பூஞ்சை ஜெல் வாங்கித் தடவவேண்டாம். குறிப்பாக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களுக்கு மைக்கோனசோல் வாய் ஜெல் ரத்தக்கசிவை உண்டாக்கும் அளவுக்கு அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். சர்க்கரை நோய், வாய் உலர்ந்துபோதல், ஆஸ்துமாவுக்காக உறிஞ்சும் ஸ்டீராய்டு ஆகியவையும் பூஞ்சைக்கு இடம் கொடுப்பவை. நீங்கள் எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், இரண்டு பல்செட்டுகளையும், இப்போது பயன்படுத்தும் அந்தப் பற்பசையையும் கையோடு கொண்டுபோங்கள். சிவப்போ வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமலிருந்தால் அது எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்த்தாகவேண்டும். உங்களுக்கு எத்தனை நாளாக இருக்கிறது என்று எழுதவில்லை, ஆகையால் இந்த வாரமே போய்விடுங்கள்.

இரவில் கழற்றாததற்கு நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்தேன். பல்லில்லாத முகத்தைக் கணவர் பார்த்துவிடக் கூடாது என்பது சிறிய விஷயமல்ல, என்னிடம் இதைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னவர்கள் பலர். இருந்தாலும் இதில் உங்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. 85 வயது தாண்டிய 524 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து, ஜப்பானில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. உங்கள் வயது அதைவிடக் குறைவுதான், ஆனால் அண்ணத்துக்கு இரவில் காற்றும் உமிழ்நீரும் படாதவரை அந்தச் சிவப்பு எந்த மருந்துக்கும் முழுதாக அடங்காது. விளக்கை அணைத்தபின் கழற்றி, தலைமாட்டில் மூடியுள்ள டப்பாவில் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, காலையில் அவர் விழிப்பதற்கு முன் கழுவி மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் சில மணி நேரமாவது கழற்றி வைக்கத் தொடங்குங்கள். தண்ணீரில்லாமல் மட்டும் வைக்காதீர்கள், உலர்ந்தால் அக்ரிலிக்கின் வடிவம் மாறும்.